மூன்று முறை கூப்பிடுவார்கள்

என் மேல் வாரண்ட் பிறப்பித்தார்கள்.

ஆமாங்க, என் மேல்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் மிக்ஸி ரிப்பேர், கல்யாண வீட்டுப் பந்தி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு என்று உங்களோடு அரட்டை அடிக்கிறேனே... அந்த என் மேல்தான். இத்தனை மாதமாக உங்களிடம் மூச்சு விடவில்லை. கேஸ் முடிகிறவரை சாட்சி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போன மாதம் தீர்ப்பு வந்துவிட்டது. இனிமேல் திறக்கலாம்.

நான் செய்த குற்றம் என்ன? கோர்ட் கூப்பிட்டது, நான் போகவில்லை. ஏன் போகவில்லை? கூப்பிட்டதே எனக்குத் தெரியாது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தின் தலையில் போட்டிருக்கும் பெயர் என் சொந்தப் பெயர் இல்லை. ரொம்ப வருஷம் முன்னால், எழுத ஆரம்பித்தபோது, மாடர்னாக இருக்கட்டும் என்று நானே வைத்துக்கொண்டது. எனக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தெய்வாத்தாள். எழுத்து போக மீதி நேரத்தில், பனியன் கம்பெனிகள் நிறைந்த அருள்புரத்தில் தையல் நூல், ஊசி, எலாஸ்டிக் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. தெருவுக்கு நான் நூல்கடை அக்கா. அவ்வளவுதான் என் விலாசம்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி லைன் வீடுகள். ஒரே வரிசையில் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறைகள். மதுரைக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள், ஒடிசாவில் இருந்து வந்தவர்கள், பீகாரில் இருந்து வந்தவர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்பி வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அந்த அறையில் வேறு யாராவது இருப்பார்கள். இங்கே யாரும் யாருடைய பெயரையும் மனப்பாடம் செய்வதில்லை. ஓவர்லாக் அண்ணன், செக்கிங் அக்கா, அயர்ன் மாஸ்டர்... செய்கிற வேலைதான் பெயர். பெயர் தெரிந்துகொள்வதற்குள் ஆள் காலி செய்துகொண்டு போயிருப்பார்.

சம்மன் எடுத்துக்கொண்டு வந்த போலீஸ்காரர் என் கடைக்கு நேர் எதிரே இருக்கிற டீக்கடையில்தான் விசாரித்திருக்கிறார். டீக்கடை பொன்னுசாமி அண்ணன் ரொம்ப யோசித்துவிட்டு, "தெய்வாத்தாளுங்களா? அப்பிடி யாரும் இல்லீங்க. காலி பண்ணீட்டுப் போயிருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் அதைச் சொன்னபோது நான் எதிரே உட்கார்ந்து அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்திருப்பேன். அது நிச்சயம்.

அடுத்த தடவை அதே போலீஸ்காரர் வாரண்டோடு வந்தார். இந்த முறை டீக்கடையை நம்பாமல் நேராக என்னிடமே கேட்டார்.

"ஏனுங்கம்மா, இங்க தெய்வாத்தாள்ங்கறது யாருங்க?"

"நான்தானுங்க."

என்னைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். கடை போர்டைப் பார்த்தார்.

"போன தடவ எதுத்தாப்புலயே கேட்டனேங்க. அப்பிடி ஆளே இல்லைன்னு சொன்னாங்களே."

"வாரண்டுன்னா... ஜெயிலுங்களா?"

"அட, பயப்படாதீங்க. ஜாமீன்ல விடற வாரண்டுதான். போட்டிருக்கற தேதிக்கு கோர்ட்டுக்கு வந்துட்டீங்கன்னாப் போதும்."

வந்த கையோடு யூனிபார்ம் பட்டன் தைக்க ஒரு காக்கி நூல்கண்டும் வாங்கிக்கொண்டு போனார்.

பொன்னுசாமி அண்ணன் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். "அக்கா, உங்க பேரு அதுங்களா? சத்தியமாத் தெரியாதுங்க. நூல்கடைக்கு ஒரு டீ, நூல்கடைக்கு ஒரு டீன்னுதானுங்க இத்தன வருசம்..." என்று தலையைச் சொறிந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

ஷட்டரை இழுத்துவிட்டு மாடிக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கடைசியாக என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டது யார்? அப்பா, அம்மா... அவர்கள் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. வீட்டுக்காரர் இருந்தவரை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். அவரும் போய் நாலு வருஷம். மகள் புனேயில் இருக்கிறாள், அவளுக்கு நான் அம்மா. உங்களுக்கு நான் மேலே போட்டிருக்கிற பெயர். பேங்கில் டோக்கன் நம்பர். தெய்வாத்தாள் என்று ஒருத்தி இந்த ஊரில் இல்லை என்று பொன்னுசாமி அண்ணன் சொன்னதில் பெரிய தப்பில்லை.

சரி... என்ன கேஸ்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ராத்திரி. எட்டு மணி ஷிப்ட் விட்டிருந்தார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி வேன் ஒன்று என் கடையை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஆஃப். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். சந்துக்குள் இருந்து ஹெட்லைட் இல்லாமல் ஒரு பைக் வந்தது. வந்த வேகத்தில் வேனின் பின்பக்கம் மோதிச் சாய்ந்தது. ஓட்டி வந்த ஒடிசாப் பையனுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. எல்லோரும் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். வேன் டிரைவர் மட்டும் இறங்கி ஓடி வந்து, அவனைத் தூக்கித் தன் வேனிலேயே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தூக்கிக்கொண்டு போனவர் மேல்தான் கேஸ்.

டிரைவர் பெயர் அந்தோணி. சிவகங்கைப் பக்கம். முப்பது வயதுக்குள் இருக்கும். அடிபட்ட பையன் கால் கூடியதும் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வேனில் ஏறிய பெண்கள் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த சாட்சி நான் ஒருத்திதான். அன்றைக்கே போலீஸ் வந்து கேட்டபோது பார்த்ததைச் சொல்லி, பெயரையும் கொடுத்திருந்தேன். பொன்னுசாமி அண்ணனும் பார்த்தார். ஆனால் போலீஸ் கேட்டபோது, "நான் பால் காச்சிட்டிருந்தனுங்க, ஒண்ணும் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டார். "சாட்சின்னு போனா அலைய உட்ருவாங்கக்கா" என்று பிற்பாடு என்னிடம் ரகசியமாக ஒப்புக்கொண்டார். கோபம் வந்தது. ஆனால் எவ்வளவு விவரமான மனிதர் என்று எனக்குக் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

அவரே இன்னொன்றும் சொன்னார். "அந்த டிரைவர் தம்பி இப்ப டையிங்ல, சாயப்பட்டறைல ஈரத்துணி சொமக்குதாமுங்க. கேஸ் இருக்கற வரைக்கும் எந்தக் கம்பெனியும் வண்டி குடுக்காதில்லீங்களா. ஸ்டியரிங்கத் தவிர வேற தொழிலும் தெரியாதாம்."

ஆக, நான் வாயைத் திறந்து பார்த்ததைச் சொன்னால் ஒரு மனிதன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். பத்து நிமிஷ வேலை. அப்படித்தான் நினைத்தேன்.

கோர்ட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சினிமாவில் பார்க்கிற கோர்ட்டை மறந்துவிடுங்கள். அங்கே முக்கால்வாசி நேரம் நடப்பது காத்திருப்பதுதான். வராந்தாவில் நாலைந்து பெஞ்ச். மேலே ஒரு ஃபேன், அது சுற்றுவது அதற்கே தெரியாது. சிவப்புப் பட்டை போட்ட டவாலி வாசலில் வந்து நின்று, ஒரு பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். மூன்றாவது தடவை கூப்பிட்டு முடிந்ததும் உள்ளே போய் நின்றாக வேண்டும். இல்லையென்றால் ஆள் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள். மறுபடி என் கதைதான்.

அங்கே எல்லோரும் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். சொத்துத் தகராறுக்கு ஒரு குடும்பமே வேன் வைத்து வந்திருந்தது. விவாகரத்துக்கு வந்த பெண்ணோடு அப்பா, அண்ணன், சித்தப்பா. ஒரு திருட்டுக் கேஸ் ஆள் வந்தான்... அவனுக்குக்கூட இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். நான் மட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போயிருந்தேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் வந்திருப்பார். வந்து பெஞ்சில் உட்கார்ந்த உடனே தூங்கிப்போயிருப்பார். அந்தக் குறட்டையாவது பக்கத்தில் கேட்டிருக்கும்.

மகளுக்கு போன் செய்தேன். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். சாட்சிதானேம்மா, போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. சாட்சிதானே...

ஒரே ஒரு பெஞ்சில்தான் இடம் இருந்தது, அதில் ஒருவர் மட்டும் இருந்தார். உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் சட்டென்று எழுந்து, பெஞ்சின் கடைசிக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால், அந்தோணி.

பேச வாயெடுத்தேன். அதற்குள் அரசு வக்கீலம்மா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். "அவர் எதிரி. நீங்க அரசுத் தரப்புச் சாட்சி. அவர்கிட்ட பேசாதீங்கம்மா. யாராச்சும் பார்த்தா சாட்சியைக் கலைச்சுட்டார்னு ஆயிடும். கெடுதல் அவருக்குத்தான். தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை வேண்டாம்."

கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்கிறார்கள். இந்த வயது வரை எனக்கு எதிரி என்று யாரும் இருந்ததில்லை. கோர்ட் ஒன்று கொடுத்து, பக்கத்திலேயே உட்காரவும் வைத்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவன். (முதலில் மனசுக்குள் 'அவர்' என்றுதான் இருந்தது. எந்த வாய்தாவில் 'அவன்' ஆனான் என்று ஞாபகம் இல்லை. என் மகளைவிடச் சின்னவன்.) பிறகு டவாலி வந்தார்.

"தெய்வாத்தாள்... தெய்வாத்தாள்... தெய்வாத்தாள்..."

வராந்தா முழுக்கக் கேட்டது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று எங்கம்மா கூப்பிடுகிற மாதிரி இருந்தது. என் பெயர் அவ்வளவு நீளமானது, அவ்வளவு கணீரென்று இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்தேன். "ஏம்மா, காது கேக்கலீங்களா?" என்று டவாலி கடிந்துகொண்டார். கேட்டதுங்க. நன்றாகக் கேட்டது.

உள்ளே போனால், எதிர்த் தரப்பு வக்கீல் வரவில்லையாம். அடுத்த வாய்தா தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கடுத்த தடவை நீதிபதி லீவு. அதற்கடுத்து வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒரு நாள் எல்லோரும் இருந்தார்கள், நேரம்தான் இல்லை. ஒவ்வொரு முறையும் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தப் பெஞ்சுக்குப் போய்ச் சேருவேன். வெறுத்துப்போனது. எந்தத் தப்பும் செய்யாமல் பார்த்த பாவத்துக்கு இவ்வளவு அலைச்சலா? பொன்னுசாமி அண்ணனை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வெறுப்போடு வெறுப்பாக, வாய்தா நாளுக்கு முந்தின நாள் எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். போய்ச் சேர வேண்டிய ஓர் இடம்... என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஓர் இடம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு பையனுடைய பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கிற கேஸில் நான் என் பெயரைக் கேட்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தோணி எப்போதும் எனக்கு முன்னால் வந்திருப்பான். அவனும் தனி ஆள்தான். நான் வந்ததும் நிழல் பக்கத்தை விட்டுவிட்டு வெயில் முனைக்கு நகர்ந்துகொள்வான். நான் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரக்கண்ணில் அவன் கைகள் மட்டும் தெரியும். ஒரு வாய்தாவுக்கு விரல் நகமெல்லாம் நீலம். அடுத்ததுக்கு மெரூன். ஒரு தடவை இரண்டு கையும் முழங்கை வரை பச்சை. எந்த நாட்டுக்கு என்ன கலரில் ஆர்டர் ஓடுகிறது என்று எங்கள் ஊரில் டையிங் ஆட்கள் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அது டிரைவர் கை. அதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

பேசத்தான் கூடாது. பேப்பர் படிக்கலாமே? நான் வாங்கிப் போகிற பேப்பரைப் படித்துவிட்டு, பெஞ்சின் நடுவில் மடித்து வைத்துவிட்டு உள்ளே போவேன். திரும்பி வரும்போது அது வேறு மாதிரி மடிக்கப்பட்டு அதே இடத்தில் இருக்கும். அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. வீட்டில் ஒரு வாரம் பேசுவதைவிட அது அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு நாள் கூண்டில் ஏற்றினார்கள்.

உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி வாங்கினார்கள். பெயர்? சொன்னேன். வயது? சொன்னேன். கணவர் பெயர்?

நின்றுவிட்டேன்.

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத பெண்களை இதே பக்கத்தில் எத்தனை முறை கேலி செய்து எழுதியிருக்கிறேன். இந்தக் காலத்தில் இப்படியுமா என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் மகள் சொன்னாள். பேங்கில் அவரே கூட நின்றார். அவர் போன பிறகு கேட்பாரே இல்லை. அவசியமே வரவில்லை.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"ராமசாமிங்க" என்றேன்.

குரல் என்னுடையது மாதிரியே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், நீதிபதி நான் கோர்ட்டைப் பார்த்து மிரண்டுவிட்டேன் என்று நினைத்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் அதற்கு அழவில்லைங்க. அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு முறை, ஒரே ஒரு முறை, சும்மா கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்?

பிறகு அரசு வக்கீலம்மா கேட்டார். பார்த்ததைச் சொன்னேன். வேன் நின்றிருந்தது, பைக் வந்து மோதியது, டிரைவர்தான் தூக்கிக்கொண்டு போனார்.

வக்கீலம்மா முகம் மாறியது. கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். "வேனை எதிரி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதா நீங்க போலீஸ்ல வாக்குமூலம் கொடுத்திருக்கீங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஜாக்கிரதை என்ற வார்த்தையை நான் வாழ்க்கையில் பேசினதே இல்லை. எழுதினதும் இல்லை.

"நான் அப்பிடிச் சொல்லவே இல்லீங்க. நின்ன வண்டி எப்பிடீங்க அதிவேகமா வரும்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். வக்கீலம்மா நீதிபதியைப் பார்த்து என்னவோ சொன்னார். என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டார்கள். அதாவது... சொன்ன பேச்சு மாறினவள், நம்பத் தகாதவள். கடையைச் சாத்திவிட்டு மாதக்கணக்கில் அலைந்து, கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்னதற்குக் கிடைத்த பட்டம் அது. எதிரியோடு எப்போது பேசினீர்கள், என்ன சொல்லிக் கலைத்தார் என்றெல்லாம் வக்கீலம்மா மடக்கி மடக்கிக் கேட்டார். "நீங்கதானுங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த பேசலீங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

"உங்க வேலை முடிஞ்சுதும்மா. இனி நீங்க வர வேண்டியதில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, அது என்னை ஊரை விட்டே வெளியே கொண்டுபோகிற மாதிரி இருந்தது. இனி வர வேண்டியதில்லை. இனி கூப்பிட மாட்டார்கள். நான் சொன்னது அவனைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா என்றுகூடத் தெரியவில்லை. பிறழ் சாட்சியின் பேச்சை யார் மதிப்பார்கள்?

தீர்ப்பு தேதியை மட்டும் கேட்டு வைத்திருந்தேன். அன்றைக்குக் கடையைச் சாத்தினேன். இரண்டு பஸ் மாறினேன்.

பெஞ்சில் அவன் இருந்தான். கை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல வெயில் பக்கம் நகர்ந்தான்.

டவாலி என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இன்னைக்கு உங்களக் கூப்பிடலீங்களே?" என்றார்.

"தெரியுங்க" என்றேன்.

"அந்தோணி" என்று அவர் முதல் தடவை கூப்பிடும்போதே அவன் உள்ளே ஓடிவிட்டான். நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். நீதிபதி சொன்னது காதில் விழவில்லை. அவனுடைய வக்கீல் அவன் தோளைத் தட்டுவது மட்டும் தெரிந்தது. விடுதலை.

வெளியே வந்தவன் நேராக என்னிடம் வந்தான். இனிமேல் பேசலாம்.

"உங்களத்தான் கூப்பிடலையேம்மா. எதுக்கு வந்தீக?" என்றான்.

"சும்மாதான் கண்ணு. உன்ர கூட வர ஆளில்லையேன்னு..."

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான். "தப்பா நெனைக்காதீகம்மா. நீங்க கூண்டுல ஏறுற வரைக்கும், எனக்கு எதிராத்தான் சொல்லப் போறீகன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டே உக்காந்திருந்தீகள்ல. உங்களப் பாத்தாலே பயமா இருக்கும். பேப்பர வச்சிட்டுப் போவீக... அதுல என்னமோ சேதி சொல்றீகன்னு ஒரு எழுத்து விடாமப் படிப்பேன். ஒண்ணும் புரியாது."

எனக்கு என்னவோ செய்தது. அத்தனை மாதம் நான் துணை என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவன் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரே பெஞ்ச்தான்.

"பேச வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க கண்ணு. பேசினா உனக்குக் கெடுதல்னாங்க."

"எனக்கும் அதையேதான் சொன்னாகம்மா" என்றான். பிறகு முதல் முறையாகச் சிரித்தான். "அந்தப் பேப்பர்ல ஒரு அம்மா வாராவாரம் எழுதுவாக. மிக்ஸி ரிப்பேருன்னு ஒண்ணு எழுதியிருந்தாக, நல்லாருந்துச்சு. அது ஒண்ணுதான் அங்கன சிரிக்கிற மாதிரி இருக்கும்."

அது நான்தான் என்பதை உள்ளேயே வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்த வாரம் பேப்பர் வாங்கினான் என்றால் தெரிந்துகொள்வான்.

பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து வந்தான். நடுவில் கேட்டான். "ஒண்ணு கேக்கணும்மா. எல்லாரும் மொதத் தடவ கூப்பிட்டதும் ஓடுவாக. நீங்க மட்டும் மூணு தடவையும் கூப்பிட்டு முடிச்சப்புறந்தான் எந்திரிப்பீக. டவாலி அண்ணே வைவாரே. காது கொஞ்சம் மந்தமோ?"

"காதெல்லாம் நல்லாக் கேக்குது. என்ர பேரச் சொல்லிக் கூப்பிட வேற ஆளில்ல கண்ணு. அதான் முழுசாக் கேட்டுட்டு எந்திரிப்பேன்."

என்னை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் கிளம்புகிறவரை நின்றான்.

இதெல்லாம் போன மாதம். அதன் பிறகு அவனைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போயிருப்பான், வேறு கம்பெனிக்குப் போயிருப்பான்... எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தானே. கடை, மாடி, ஞாயிற்றுக்கிழமை மகளின் போன் என்று நானும் பழையபடி ஆகிவிட்டேன். பொன்னுசாமி அண்ணன் மட்டும் இரண்டு நாள் "தெய்வாத்தாக்கா, டீ" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்து, மறுபடி நூல்கடைக்கே திரும்பிவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணி ஷிப்ட் விட்ட நேரம். எலாஸ்டிக் ரோலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஹாரன். ஏதோ வண்டி என்று விட்டுவிட்டேன். இன்னொரு தடவை. எங்கள் ரோட்டில் ஹாரனுக்கா பஞ்சம்? ரோலை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

மூன்றாவது தடவை.

கடையை ஒட்டி ஒரு கம்பெனி வேன் நின்றிருந்தது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள். எந்தக் கலரும் இல்லை, சுத்தமாக இருந்தன.

அன்று முதல் தினமும் அடிக்கிறான். மூன்று முறை.

மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறேன். ஆஜர்.